தேவியைப் பார்க்க உட்கார்ந்தேன், நளினியும் வந்து நின்றாள்: ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடர் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தொடரைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர். நாலு சீசன், சீசனுக்குப் பத்து என்று மொத்தம் 40 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். 2020 ஏப்ரலில் முதல் சீசன் வந்தது, 2023 ஜூனில் கடைசி. கதையை முறையாக முடித்திருக்கிறார்கள், அதனால் பாதியில் அந்தரத்தில் விட்டுவிடுவார்களோ என்ற யோசனையே இல்லாமல் உட்காரலாம்.

என்னிடம் இதைப் பார்க்கச் சொன்னவர்கள் எல்லாம் "ஹீரோயின் தமிழ்ப் பொண்ணு, நம்ம வீடு மாதிரியே இருக்கும்" என்றுதான் சொன்னார்கள். ஹீரோயின் தமிழ்ப் பொண்ணு, சரி. நம்ம வீடு மாதிரி இருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இதுதான் தமிழ் வீடு என்று மெனக்கெட்டு அவர்கள் காட்டும் இடங்களில் எனக்கு ஒட்டவே இல்லை. தமிழுக்கும் தமிழ்நாட்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வரும் காட்சிகளில் என் வீடு அப்படியே இருந்தது, சில இடங்களில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டியிருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேவி விஸ்வகுமாருக்குப் பதினைந்து வயது, லாஸ் ஏஞ்சல்ஸில் ஷெர்மன் ஓக்ஸ் பகுதியில் வீடு. பள்ளி இசை நிகழ்ச்சியில் அவள் ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பார்வையாளர் வரிசையில் இருந்த அப்பா மோகன் மாரடைப்பில் இறந்துபோகிறார். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் கால்கள் வேலை செய்யவில்லை, சக்கர நாற்காலி. கால் சரியானதும் புது வகுப்பு தொடங்குகிறது, அவள் சாமி முன்னால் நின்று வேண்டிக்கொள்கிறாள்: பார்ட்டிக்கு யாராவது அழைக்க வேண்டும், கையில் இருக்கும் முடி குறைய வேண்டும், ஒரு பாய்ஃபிரெண்ட் வேண்டும், அவன் படிப்பாளியாக இருக்கக் கூடாது, விளையாட்டுக்காரனாக இருக்கட்டும், மண்டையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கை முடி வேண்டுதலிலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் முழுக்கைச் சட்டை போட்டால் தேவலாம் என்று நினைக்காத பெண் எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்திருக்க மாட்டாள். ஆனால் அதை ஒரு திரையில் ஒருத்தி சாமியிடம் வாய்விட்டுக் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

உருவாக்கியவர்கள் மிண்டி கேலிங், லாங் ஃபிஷர். மிண்டியின் அப்பா தமிழர், அம்மா வங்காளி. அவருடைய முழுப் பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். தேவியாக நடித்தது மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்தவர், போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்த தமிழ்ப் பெற்றோரின் மகள். யார் வேண்டுமானாலும் வீடியோ அனுப்பலாம் என்று அறிவித்தபோது வந்த சுமார் 15,000 பேரில் தேர்வானவர். ஊர் நூலகத்தில் வைத்து எடுத்த வீடியோவைத்தான் அனுப்பினாராம். அதற்கு முன்னால் திரையில் நடித்த அனுபவம் கிடையாது. ஆனால் கோபப்படும் காட்சிகளில் அந்தப் பெண் கண்ணை வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள், நடிப்புப் பள்ளியில் சொல்லிக் கொடுத்து வருகிற விஷயம் இல்லை அது.

இந்தக் கோபத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். தேவி எதற்கெடுத்தாலும் வெடிக்கிறாள். ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறாள், உயிர்த் தோழிகள் ஃபேபியோலாவையும் எலினாரையும் தள்ளிவிடுகிறாள், அம்மாவிடம் ஒரு வாக்கியம் ஒழுங்காகப் பேசுவதில்லை. கதையைச் சொல்லும் குரலுக்கு ஜான் மெக்கன்ரோவைப் போட்டிருக்கிறார்கள், மூன்று முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றும் நடுவரைப் பார்த்துக் கத்தியதற்காகவே அதிகம் நினைக்கப்படுகிறவர். ஒரு தமிழ்ப் பொண்ணின் கதையை எதற்கு ஒரு அமெரிக்க டென்னிஸ்காரர் சொல்கிறார் என்று ஆரம்பத்தில் எனக்கும் புரியவில்லை. மோகன் அவருடைய ரசிகர் என்று தெரியவரும்போது புரிந்தது. அப்பாவுக்குப் பிடித்த ஆள், அவரும் இவளைப் போலவே பொசுக்கென்று கோபம் வருகிறவர், அவர்தான் இவள் பக்கம் நின்று பேசுகிறார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

என் அப்பா இறந்தபோது நான் பத்தாம் வகுப்பு. திருச்சியில் வீட்டு வாசலில் பந்தல், வாடகை நாற்காலிகள், "பொண்ணு கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல பாரு" என்று என் காதுபடவே பேசிய உறவுக்காரர்கள். அழுகை வரவில்லை, அதற்குப் பதில் எரிச்சல் வந்தது, வந்தது போகவே இல்லை. டம்ளரை வைத்தால் சத்தம், கதவைச் சாத்தினால் சத்தம். ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "வயசு அப்படி" என்று அம்மாதான் எனக்காகப் பதில் சொன்னார். தேவியை அழைத்துப் போவதற்கு டாக்டர் ரயன் என்று ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறார், நீசி நாஷ் நடித்திருக்கிறார், தொடரில் வரும் நல்ல மனிதர்களில் எனக்கு முதல் இடம் இவருக்குத்தான். தேவி அந்த அறைக்குள் வந்து பையன்களைப் பற்றியே பேசுகிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் அப்பா பக்கம் திருப்புகிறார். இவள் மறுபடியும் தான் கண் வைத்திருக்கும் பள்ளிப் பையன் பாக்ஸ்டன், மறுபடியும் பார்ட்டி. துக்கத்தைச் சோகமான முகமாக மட்டுமே திரையில் பார்த்துப் பழகிய எனக்கு, அது கோபமாகவும் அவசரமாகவும் பொய்யாகவும் வெளியே வரும் என்று பத்து அத்தியாயத்துக்கு ஒரு பெண்ணை வைத்துக் காட்டியது பெரிய விஷயம். வயசும் இல்லை, திமிரும் இல்லை. அவளுக்கு அப்பா இல்லை, அவ்வளவுதான்.

முதல் சீசனின் கடைசிப் பகுதியில் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை முற்றி, அன்றைக்கு ராத்திரி செத்தது நீயாக இருந்திருக்கலாம் என்ற பொருளில் தேவி ஒன்று சொல்கிறாள். அம்மா நளினி திருப்பிக் கத்தவில்லை. பூர்ணா ஜெகந்நாதன் அந்த இடத்தில் முகத்தை என்ன செய்கிறார் என்று விவரிக்க எனக்குத் தெரியவில்லை, நீங்களே பாருங்கள். நான் அந்தக் காட்சியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியத்தை நான் வாயால் சொன்னதில்லை. மனதுக்குள் இருந்திருக்கிறது.

அங்கிருந்துதான் எனக்கு இது நளினியின் தொடராகவும் ஆனது. நளினி தோல் மருத்துவர், கறாரான ஆள், பாசத்தைக் கண்டிப்பாகவே காட்டத் தெரிந்தவர். மோகன்தான் அந்த வீட்டில் இலகுவான மனிதர், மகளைச் சிரிக்க வைப்பவர், அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் சமாதானம் செய்பவர். அந்த நடு ஆள் போய்விட்டார். இப்போது இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்கிறார்கள், ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது வரிக்கு வரி இதுதான். அப்பாவின் அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய், என் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகினார். ராத்திரி எட்டு மணிக்கு வந்து குக்கர் வைத்துக்கொண்டே என் மார்க்கைக் கேட்பார். எனக்கு அது அதட்டலாகக் கேட்டது. இப்போது எனக்கு ஆறாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள், ஹோம்வொர்க் முடிச்சாச்சா என்று நான் கேட்கும்போது என் குரலில் நளினி இருக்கிறார், அதற்குப் பின்னால் அம்மாவும் இருக்கிறார். அந்தக் குரலுக்குள் இருப்பது பயம். இந்தப் பிள்ளையை நான் ஒருத்தியாகக் கரை சேர்க்க முடியுமா என்ற பயத்தைத்தான் நளினி எப்போதும் கண்டிப்பாக மாற்றிக்கொள்கிறார். தொடர் இதை வசனமாக எங்கேயும் விளக்குவதில்லை என்பது அதன் பலம்.

இன்னொரு இடம். அஸ்தி கரைப்பது. முதல் சீசனின் முடிவில் மாலிபு கடற்கரையில் தேவியும் நளினியும் கமலாவும், மூன்று பெண்கள், மோகனின் அஸ்தியைக் கடலில் கரைக்கிறார்கள். வேறு யாரும் இல்லை. அமெரிக்கக் குடும்பத்தில் இது சாதாரணமாகப் போய்விடும், தொடரும் அதைப் புரட்சியாகக் காட்டவில்லை. எங்கள் வீட்டில் பெரியப்பாவும் அவர் மகனும் அம்மா மண்டபம் படித்துறைக்கு எடுத்துப் போனார்கள், பொம்பளைப் பிள்ளை எதற்கு என்று என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். காவிரியில் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த மூன்று பேரும் அலைக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தபோது வந்த அழுகை தேவிக்காக வந்தது இல்லை.

இப்படி அந்தத் தொடரில் என்னுடைய துண்டுகள் வெவ்வேறு ஆட்களிடம் கிடந்தன. பென் கிராஸ் என்று ஒரு பையன், வகுப்பில் தேவிக்குப் போட்டி, பணக்கார வீடு, அப்பா பெரிய வக்கீல். முதல் சீசனின் ஆறாவது அத்தியாயம் முழுக்க அவனுடையது, அதற்கு மட்டும் மெக்கன்ரோவுக்குப் பதில் ஆண்டி சாம்பெர்க் குரல் கொடுக்கிறார். பெரிய வீட்டில் தனியாகச் சாப்பிடுகிறான், பேச ஆள் இல்லை, முதல் மார்க் எடுத்தால் யாராவது கவனிப்பார்கள் என்று படிக்கிறான். அவனுக்கும் எனக்கும் பணத்தில், ஊரில், மதத்தில் ஒன்றுமே ஒத்துப் போகாது. ஆனால் ப்ளஸ் டூவில் நான் ராத்திரி ரெண்டு மணி வரை விழித்துப் படித்ததற்குக் காரணம் படிப்பு ஆர்வம் என்று ஊரே சொன்னது. உண்மையான காரணத்தை அந்தப் பையனிடம்தான் பார்த்தேன். இரண்டாவது சீசனில் பாக்ஸ்டனுக்கும் இதே மாதிரி ஒரு அத்தியாயம் உண்டு, அதற்கு மாடல் ஜீஜீ ஹதீத் குரல். அழகான பையன் என்று எல்லோரும் பார்க்கிறார்களே தவிர அறிவுள்ளவன் என்று ஒருத்தரும் நினைப்பதில்லை என்பது அவன் கஷ்டம். என்னிடம் அந்தக் கஷ்டம் இல்லை, ஆனாலும் நல்ல அத்தியாயம்.

அப்புறம் கமலா. கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் அக்கா முறைப் பெண், ரிச்சா மூர்ஜானி. வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பிரசாந்த் உண்மையிலேயே நல்லவனாக இருக்கிறான், அதுதான் சிக்கல், வேண்டாம் என்று சொல்லக் காரணமே கிடைக்காது. ஆராய்ச்சிக் கூடத்தில் இவள் செய்த வேலையின் கட்டுரையில் இவள் பெயரையே விட்டுவிடுகிறார்கள், அப்போதும் முதலில் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள். நல்ல பொண்ணு என்று பெயர் எடுத்தவர்கள் பொறுத்துப் போவதை அடுத்தவர்கள் எவ்வளவு தூரம் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதை இந்தக் கிளைக்கதை நன்றாகக் காட்டுகிறது. என் சித்தி மகள் இதைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்து முக்கால் மணி நேரம் கமலாவைப் பற்றி மட்டுமே பேசினாள், தேவி பெயரைக்கூட எடுக்கவில்லை. அவளுக்கு அது கமலாவின் தொடர்.

குறைகளும் இருக்கின்றன, ஒளிக்க மாட்டேன். முதலாவது தமிழ். ‘கண்ணா’ என்று கூப்பிடுவதைத் தாண்டி இந்த வீட்டில் தமிழ் மிகக் குறைவு. தேவி ஆங்கிலத்தில் பேசுவது இயல்பு, அங்கே பிறந்து வளர்ந்தவள். ஆனால் ஊரிலிருந்து வந்த மாமியார் நிர்மலாவும் நளினியும் சமையலறையில் தனியாக இருக்கும்போதுகூட ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கிறார்கள், எந்த வீட்டில் அப்படி நடக்கும்? ஒரு சண்டையாவது தமிழில் போட்டிருக்கலாம், சப்டைட்டில் இருக்கிறதே. முதல் சீசனில் வரும் பிள்ளையார் விழா அத்தியாயம் எல்லோரும் பாராட்டிய ஒன்று. எனக்கு அது எந்த மாநிலத்து விழா என்றே பிடிபடவில்லை, பொதுவான இந்தியக் கூட்டம் மாதிரி இருந்தது. ஆனால் அதே அத்தியாயத்தில் இரண்டு காட்சிகள் மறக்க முடியாதவை. இஸ்லாமியரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒதுக்கப்பட்ட ஜெயா அங்கே தனியாக உட்கார்ந்திருப்பதும், மற்ற ஆன்ட்டிகள் தள்ளி நின்று பேசுவதும் ஒன்று. அதற்கு மாநிலமே தேவையில்லை, நான் போன கல்யாண மண்டபங்களில் எல்லாம் அந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று அங்கே வரும் கல்லூரி ஆலோசகர் காட்சி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்று தேவி சொல்ல, அவர் நிறைய மார்க் வாங்கும் இன்னொரு இந்தியப் பிள்ளை என்ற அளவிலேயே அவளைப் பார்க்கிறார். அப்பா இறந்ததும் கால் செயலிழந்ததும் தெரிந்த பிறகுதான் அவர் முகம் மலர்கிறது, அதைக் கட்டுரையாக எழுதினால் இடம் கிடைக்குமாம். அவளுக்கு உடம்பே கூசிப் போகிறது. விண்ணப்பப் படிவங்களில் அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதி, அதனால் கிடைக்கும் சலுகைக்குச் சான்றிதழும் இணைத்து, கொடுக்கும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்க்கும் அந்தப் பார்வை தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். சலுகை தேவைதான், வாங்கத்தான் செய்தோம், ஆனால் அப்பாவை ஒரு தாளாக மடித்துக் கொடுப்பது போல இருக்கும். தொடர் இந்த முடிச்சை நாலாவது சீசன் வரை பத்திரமாக வைத்திருக்கிறது. பிரின்ஸ்டன் காத்திருப்புப் பட்டியலில் தேவி நிற்கும்போது அப்பாவைப் பற்றி எழுதுகிறாள், யாரும் விற்கச் சொன்னதால் எழுதவில்லை, எழுதும் நிலைக்கு அவள் வந்துவிட்டதால் எழுதுகிறாள். இடையில் இருந்த 30 சொச்சம் அத்தியாயங்களும் அதற்குத்தான் என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது குறை, பாக்ஸ்டனா பென்னா என்ற இழுவை. மூன்றாவது சீசனின் நடுவில் எனக்கு அலுத்துவிட்டது. புதிதாக வரும் டெஸ் என்ற இந்தியப் பையனை நன்றாக ஆரம்பித்துவிட்டு அவசரமாக அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது சீசனில் அனீசா என்ற பெண்ணைப் பற்றி தேவி கிளப்பிவிடும் புரளி நிஜத்தில் ஒரு பிள்ளையை உடைத்துப்போடக் கூடியது, அதற்குக் கொடுத்த நேரம் போதாது. நளினிக்கும் டாக்டர் ஜாக்சனுக்கும் இடையில் வரும் நட்பை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம், கணவர் போன ஒரு தமிழ்ப் பெண் தயங்கித் தயங்கி இன்னொரு மனிதரோடு சாப்பிடப் போவதை இவ்வளவு மரியாதையாக நான் எங்கேயும் பார்த்ததில்லை. மூன்றாவது சீசனின் முடிவு மட்டும் எல்லா அலுப்பையும் தீர்த்துவிடும். வேறு மாநிலத்தில் பெரிய பள்ளியில் படிக்க வாய்ப்பு வருகிறது, நளினி மனதைத் தேற்றிக்கொண்டு போ என்கிறார். தேவி இன்னும் ஒரு வருஷம் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறாள். செத்தது நீயாக இருந்திருக்கலாம் என்று சொன்ன அதே பெண்.

இது எல்லோரும் சேர்ந்து பார்க்கும் தொடரா என்று கேட்பீர்கள். இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகள் உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள், என் ஆறாம் வகுப்பு மகளுக்கு இப்போது காட்ட மாட்டேன், அவள் தேவியின் வயதுக்கு வரும்போது நானே கூட உட்கார்ந்து பார்ப்பேன். அம்மாவோடு பார்க்கலாமா என்றால், நான் பார்த்தேன். முதலில் சில காட்சிகளைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தேன், பிறகு அம்மாவே "ஓடட்டும் விடு" என்றார். நளினியைப் பார்த்துவிட்டு "இவ என்னை மாதிரியே கத்துறா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் மதியம் "அந்தப் பொண்ணு தொடரைப் போடு" என்று அவரே கேட்டார்.

அப்பாவையோ அம்மாவையோ சமீபத்தில் இழந்தவர்கள் கொஞ்சம் நாள் போகட்டும். மற்றவர்களுக்கு என் யோசனை: முதல் மூன்று அத்தியாயங்களில் தேவி உங்களை எரிச்சல்படுத்துவாள், அதற்காக நிறுத்திவிடாதீர்கள், பென்னின் ஆறாவது அத்தியாயம் வரை போங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பிடித்தால் முதல் சீசனின் கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் ஒரே இரவில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பாருங்கள்.